பின்பலகையில் ஒரு கொக்கி

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்கள் வீட்டில் இவ்வளவு விசாரிக்கவில்லை. பையனுக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை, குடிப்பழக்கம் கிடையாது, நெல் விளைகிற நிலம் இருக்கிறது என்றார்கள். கல்யாணம் முடிவாகிவிட்டது. அதே பையன் ஒரு பலகையை முடிவு செய்வதற்குப் புரட்டாசி மாதத்தை ஏறக்குறைய முழுசாக எடுத்துக்கொண்டார்.

பலகை என்றால் படகின் பின்பலகை. ஃபைபர் படகின் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்குமே, இஞ்சினை மாட்டுவார்களே, அது. வெளியிலும் உள்ளேயும் ஃபைபர் பூச்சு, நடுவில் ஒட்டுப்பலகை. பார்க்கக் கல் மாதிரி இருக்கும். ஒருநாள் என் கணவர் அதை விரலால் தட்டிப் பார்த்தார். பழுத்த பூசணிக்காயைத் தட்டியது போல் சத்தம் வந்தது. ஸ்க்ரூட்ரைவரை வைத்து அழுத்தினார், பிடிவரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் டீத்தூள் நிறத்தில் தண்ணீர் வடிந்தது.

"போச்சு. இதுல இஞ்சின மாட்னா நடுத் தண்ணில பேத்துக்கினு உய்ந்துரும்," என்றார்.

நெல் விவசாயி வீட்டுக்குப் படகு எதற்கு என்று மீனவர்களே எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் நிலத்தில் பாதி, பழவேற்காடு ஏரியிலிருந்து உள்ளே நீளும் ஓடைக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. மழைக்காலத்தில் தரைப்பாலம் முங்கிவிடும். ஆட்களையும் உர மூட்டைகளையும் கொண்டுபோக என் மாமனார் பழைய படகு ஒன்றை வாங்கினார். வாங்கினாரே தவிர, ஒருநாளும் அதில் ஏறியதில்லை. எழுபது வயதாகியும் அவருக்கு நீச்சல் தெரியாது. நெல் நிற்கிற தண்ணீர் வரைக்கும்தான் அவருக்கும் தண்ணீருக்கும் உறவு. அதற்கு மேல் ஆழம் என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரப்பிலேயே நின்றுகொள்வார்.

ஆனால் படகின்மேல் பாசம் உண்டு. டிராக்டரின் தம்பி என்றே அதை நினைத்தார். ஆயுத பூஜைக்கு அண்ணனுக்கு நடப்பதெல்லாம் தம்பிக்கும் நடக்கும். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, எலுமிச்சம்பழம், எதிலும் குறை வைக்க மாட்டார். டிராக்டரின் முகப்பில் திருஷ்டிக்கு லாடம் அடித்திருந்ததால் படகுக்கும் ஒரு லாடம் அடித்தார். படகின் முன்பக்கம் வளைந்து இருந்ததால் லாடம் உட்காரவில்லை. பின்பலகைதான் தட்டையாக, வாகாக இருந்தது. அங்கே அடித்துவிட்டார். எதிரே வருகிறவன் கண் படாமல் இருக்க லாடத்தைப் பின்னால் அடித்த முதல் படகு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இந்தப் படகை நம்பித்தான் என் வேலை இருந்தது. நான் கிராம சுகாதாரச் செவிலியர். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்தான் என் பகுதி. வெயில் காலத்தில் ஸ்கூட்டியில் தரைப்பாலத்தைத் தாண்டிவிடுவேன். மழை பிடித்துக்கொண்டால் படகுதான். தோளில் மாட்ட வார் வைத்த, ஐஸ் போட்ட நீலத் தடுப்பூசிப் பெட்டியோடு ஏறி உட்காருவேன். ஷிஃப்டுக்குப் போகும் முன் கணவர் ஓட்டிக்கொண்டு போய் விடுவார். மணவாள நகரில் ரயில் சத்தத்தில் வளர்ந்தவள் நான். முதல் மழையில் படகு அசைந்தபோது கணவரின் சட்டையைக் கிழித்துவிட்டேன். அப்புறம் பழகிப்போயிற்று.

பலகை மக்கிய சேதி எப்படியோ எங்கள் மேலதிகாரி காதுக்குப் போய்விட்டது. போனில் கூப்பிட்டார். நல்லவர், கருணையோடுதான் பேசினார்.

"மழை வந்தா எப்டிமா போவ? போட் இருந்தா இரு. இல்லன்னா சொல்லு, ஆர்.கே.பேட்டைல ஒரு இடம் காலியா இருக்கு. அங்க மாத்தி உட்டுர்றேன். அங்க தண்ணியே கெடையாது."

ஆர்.கே.பேட்டை மாவட்டத்தின் மறு கோடி. போனால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும், கணவரை விடுமுறைக்கு விடுமுறை பார்க்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் என் முகம் பார்த்துப் பேசவே இரண்டு மழைக்காலம் ஆயிற்று. ஊசி போட்டால் காய்ச்சல் வருகிறது என்று கதவைச் சாத்தியவர்கள் இப்போதுதான் குழந்தையைத் தாங்களே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே இல்லை. "மழைக்கு முன்னாடி ரெடி ஆயிடும் மேடம்," என்றேன். ஐப்பசிக்கு அதிக நாள் இல்லை.

வீட்டில் மாநாடு கூடியது.

"பூவரசு போடுடா. தண்ணிலயே கெடந்தாலும் ஒன்னியும் ஆவாது. நம்ம கொல்லில ஒரு மரம் கீது," என்றார் மாமனார்.

"மரம்னாலே தண்ணி குடிக்கும் நைனா. மேல ஃபைபர் போட்டு மூடிட்டா, பூந்த தண்ணி வெளிய வராது. உள்ளயே இருந்து மக்கும். இப்போ மக்கினது இன்னா? அதுவும் மரம்தான்."

"அது ஒட்டுப்பலகை. அதெல்லாம் ஒரு மரமா?"

மணவாள நகரில் சமையலறை அலமாரிகள் செய்து கொடுக்கும் என் தம்பி போனிலேயே மாநாட்டில் சேர்ந்துகொண்டான். "அக்கா, கிச்சனுக்கு நாங்க போடுற பலகை கீது. தண்ணி பட்டாலும் உப்பாது, கரையானே வராது!"

"இஞ்சின் இன்னா மிக்ஸியா, மேல தூக்கி வெச்சுட்டுப் போறதுக்கு? அது ஸ்க்ரூவையே ஒய்ங்கா புடிக்காது," என்று கணவர் அவனை வெளியேற்றினார். நடு ஏரியில் கரையான் வரும் ஆபத்து அதோடு தீர்ந்தது.

என் கணவர் அமிலம் ஊற்றி வைக்கும் ஃபைபர் தொட்டிகள் செய்கிற கம்பெனியில் தரம் பார்ப்பவர். சோதிக்காமல் எதையும் ஏற்க மாட்டார். புதுவாயல் கூட்டுரோட்டில் கம்பெனிகளின் வெட்டுத் துண்டுகளை வாங்கி விற்கும் கடையிலிருந்து விதவிதமாகத் துண்டுகள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் ஏரித் தண்ணீர் நிரப்பிய வாளியில் போட்டு, மேலே கல்லை வைத்து, குளியலறையில் வரிசையாக நிறுத்தினார். நாங்கள் வாளிகளுக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்று குளித்தோம். தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டையும் எடுத்து முகர்ந்து பார்ப்பார்.

மக்காத பொருள் மக்கவில்லை என்று தெரிந்துகொள்ள எத்தனை நாள் ஆகும் என்று நான் கேட்டேன். அவர் அடுத்த துண்டை எடுத்து முகர்ந்தார். அதுவரைக்கும் அந்த வீட்டில் மக்கியது என் பொறுமை ஒன்றுதான்.

பிளாஸ்டிக் பலகை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் ஃபைபரை ஒட்டவைக்கும் பசையான ரெசினும் அதன்மேல் ஒட்டவில்லை, உரித்தால் தோலாகக் கையோடு வந்தது. மெத்தென்ற வெள்ளை நுரைப்பலகை ஒட்டியது, மக்கவும் இல்லை. போல்ட்டை முறுக்கினால் ரொட்டி போல் அமுங்கிவிட்டது. கடைசியில் கண்ணாடி இழை கலந்த கெட்டி நுரைப்பலகை ஒன்று எல்லாத் தேர்விலும் தேறியது. நுரை என்று பெயர்தான், சுத்தியலால் அடித்தால் சுத்தியல்தான் துள்ளியது.

"நொரைலயா இஞ்சின மாட்டப் போற?" என்று மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பூவரசு வெட்டுப்படாமல் தப்பித்ததில் அவருக்கும் உள்ளூர ஒரு நிம்மதி.

பழைய பலகையைப் பிரிக்கிற நாளில் எல்லோரும் கூடி நின்றோம். கணவர் உள்பக்கத்து ஃபைபரைச் சதுரமாக அறுத்து உரித்தார். உள்ளே பலகை ஈரச் சாணி போல் கறுத்துக் கிடந்தது. முதலில் அவர் கண்ணுக்குப் பட்டது லாடத்தின் ஆணி.

"பாரு நைனா, உன் லாடம் பண்ண வேலைய! ஃபைபர்ல ஒரு ஓட்ட உய்ந்தா போதும், தண்ணி உள்ள பூந்துரும். டிராக்டர் இரும்பு, அதுல அடி. இதுல அடிக்கலாமா? திருஷ்டி கயிக்கிறேன்னு படகையே கயிச்சுட்ட," என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

நான் குனிந்து பார்த்தேன். தினமும் புண்ணைப் பார்க்கிறவளுக்கு அது எங்கே ஆரம்பித்தது என்று தேடுகிற பழக்கம் விடாது. லாடத்து ஆணிகளைச் சுற்றி மரம் காய்ந்து, மஞ்சளாக, நன்றாகவே இருந்தது. கறுப்பு அதற்கு வெகு கீழே, ஓரமாக இருந்த ஒரு துளையிலிருந்து விசிறி போல் விரிந்திருந்தது. அந்தத் துளையில் இருந்தது ஒரு பெரிய கொக்கி.

அது என் பெட்டிக்காக அடித்த கொக்கி.

நான் படகில் போக ஆரம்பித்த இரண்டாம் நாள், கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமனார், "பொட்டிய மடில வெச்சுக்கினு எப்டிம்மா கெட்டியா புடிச்சுக்குவ? நீ ரெண்டு கையாலயும் படகப் புடி," என்றார். முன்பக்கம் சாரல் அடிக்கும், பின்னால் தொங்கினால் நனையாது என்று அவரே யோசித்து, முழங்கால் தண்ணீரில் நின்றபடி அடித்துக் கொடுத்தார். இரண்டு மழையாக என் நீலப் பெட்டி அதில்தான் தொங்கியது.

கணவரின் பார்வையும் அதற்குள் அங்கே போய்விட்டது. லாடத்தைப் பற்றிய சொற்பொழிவு பாதியில் நின்றது. மாமனார் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்.கே.பேட்டை சமாச்சாரம் அவருக்கும் தெரியும். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"லாடந்தான் மாமா காரணம். ஆணி எவ்ளோ நீளம் பாருங்க," என்றேன்.

"ஆமா. லாடந்தான்," என்றார் கணவர், என்னைப் பார்க்காமல்.

மாமனார் லாடத்தைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனார். கொக்கியையும் சேர்த்துத்தான்.

ஆயுத பூஜைக்குள் புதுப் பலகை ஏறிவிட்டது. அந்த வருஷம் படகுக்குச் சந்தனமும் குங்குமமும் மட்டும்தான். மாமனார் சுத்தியலைத் தொடவே இல்லை, கண்ணாடிப் பாத்திரத்தைத் துடைப்பது போல் பலகையைத் துணியால் துடைத்தார். கணவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"நைனா, இது மக்கவே மக்காது. நூறு ஆணி அடிச்சாலும் ஒன்னியும் ஆவாது. கொக்கி வேணும்னா அடிச்சுக்கோ, ஓட்டைய நான் ரெசின் ஊத்தி மூடிர்றேன்."

"வேணாம்டா," என்றார் மாமனார்.

நானும் கேட்டுப் பார்த்தேன். "அடிங்க மாமா. அந்தக் கொக்கி எனக்கு ரொம்ப வசதியா இருந்துச்சு."

"வேணாம்மா," என்றார் அதே குரலில். குளியலறையை வாளிகளுக்குத் தாரை வார்த்து, பலகைக்குப் பலகை முகர்ந்து, ஆணிக்கும் அஞ்சாத பொருளாகத் தேடிக் கண்டுபிடித்தாயிற்று. அதில் ஆணி அடிக்கக்கூடிய ஒரே ஆள் மாட்டேன் என்கிறார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தரைப்பாலம் முங்கிய காலை, கணவர் இஞ்சினை மாட்டி முறுக்கினார். பலகை அசையவில்லை. நான் ஏறி உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். அப்போது மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். வழக்கம்போல் முழங்கால் ஆழத்தில் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. படகின் விளிம்பைப் பிடித்து, காலைத் தூக்கி, ஒருமுறை சறுக்கி, ஏறியேவிட்டார்.

"நைனா, இன்னா பண்ற நீ?" என்று கணவர் கத்தினார்.

"நீ ஓட்டுடா."

பின்பலகையில் முதுகைச் சாய்த்து, கொக்கி இருந்த இடத்தில் குந்திக்கொண்டார். என் மடியிலிருந்து பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "நீ படகப் புடிச்சுக்கோம்மா," என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அக்கரை வரும்வரை திறக்கவே இல்லை.

பாதி வழியில் மேலதிகாரி போன் செய்தார். "இன்னாமா, போட் ரெடியா? இல்ல ஆர்டர் போட்டுரட்டா?"

"வேணாம் மேடம், போய்க்கினேதான் இருக்கேன். பலகை புதுசு," என்றேன். "கொக்கிக்குத்தான் எழுபது வயசாவுது."