ஒருவரும் கை வைக்காத எஞ்சின்

"காசு வேண்டாம், கொண்டு போ. ஆனா ஒண்டு சொல்லிப் போட்டன், நான் இல்லாமல் நீ எஞ்சினைத் திறக்கக்கூடாது."

வயல்காரர் இப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சும்மா தருகிற மனிதர் ஏன் நிபந்தனை போடுகிறார்?

நான் பரந்தனுக்குக் கிட்ட இறைப்பு மெஷின்களும் உழவு இயந்திரங்களும் திருத்துகிறவன். அன்று அவருடைய வயலுக்கு மெஷின் பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து கை கழுவப் போன இடத்தில், விறகு அடுக்குக்குப் பின்னால், தகரம் சாத்தி, அந்த மோட்டார் சைக்கிள் நின்றது. பெற்றோல் தாங்கியின் இரு பக்கமும் முழங்காலுக்கு றப்பர் வைத்த பழைய ஜப்பான் வண்டி. எழுபதுகளில் இறங்கியவை அவை. சின்ன வயதில் நாங்கள் இருந்த மலையகத் தோட்டத்துக்குச் சம்பளப் பணம் கொண்டு வருகிறவர் அப்படி ஒன்றில்தான் வருவார். அதன் சத்தம் எனக்கு மனப்பாடம். ஒன்றை எடுத்து, கழற்றி, புதிதாகப் பூட்டி எனக்கென்று ஓட வேண்டும் என்று எத்தனையோ வருடமாக ஆசை.

இது ஓடுகிற நிலையில் இல்லை. நிறம் என்று ஒன்றும் மிச்சமில்லை. சீட் எலும்பாகக் கிடந்தது. புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. எஞ்சின் இறுகி, கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்தது போல இருந்தது. அதுதான் எனக்குப் பிடித்தது. விலை கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் மேலே எழுதியது.

வீட்டுக்கு ஏற்றி வந்ததும் என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தாள். அவள் வவுனியாப் பக்கம் குடியேறிய மலையகக் குடும்பத்தவள், நானும் அப்படித்தான். முப்பது வருடம் இங்கே இருந்தும் எங்களுக்குள் பேசும்போது பழைய பேச்சுத்தான் வரும்.

"சும்மா குடுத்தாரா? இந்த ஊர்க்காரங்க நமக்கு எப்பங்க சும்மா குடுத்திருக்காங்க? உள்ள ஏதோ இருக்கு."

"என்ன இருக்கப் போகுது?"

"நகை. சண்டை நேரம் எல்லாரும் எங்கெங்க வெச்சாங்களோ. அவருக்குக் கழட்டத் தெரியாது, உங்களை வெச்சுக் கழட்டப் பாக்குறாரு."

நான் சிரித்தேன். ஆனால் அவள் போன பிறகு தாங்கியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். துரு உதிர்ந்த சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவர் சைக்கிளில் வந்துவிட்டார். அறுபத்தைந்து வயதிருக்கும். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்து நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். இவர் இங்கேயே பிறந்து நெல் விதைத்து வளர்ந்தவர். வந்ததும் பட்டறை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையை வண்டிக்கு மிக அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்து, போல்ட்டுகளை யோகட் கோப்பைகளில் போட்டு, மேலே எது எங்கே உள்ளது என்று எழுதி வைத்தேன். அவர் அந்தக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். போல்ட்டுகளை உள்ளங்கையில் கொட்டி, புரட்டி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு திரும்பப் போட்டார், சில நேரம் வேறு கோப்பையில்.

"என்ன அண்ணை பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. நீ வேலையைப் பார்."

இது ஒரு கிழமை நடந்தது. எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. இவர் எதைப் பார்க்கிறார்? என் கையைத்தானா? வன்னிக்கு வந்த காலத்தில் எங்கள் ஆட்களை வயல்வேலைக்கு எடுத்து, மாலையில் அனுப்பும்போது சாக்கை உதறிக் காட்டச் சொன்ன வீடுகள் இருந்தன. என் தகப்பன் உதறிக் காட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இப்போது என் பட்டறையிலேயே ஒருவர் கதிரை போட்டு உட்கார்ந்து என்னைக் காவல் காக்கிறார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவருக்குக் கொடுக்கும் தேநீரில் சீனி குறைந்தது.

ஒரு நாள் கடைக்குப் போய் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவர் வண்டியின் முன்னால் முழங்காலில் நின்று, தாங்கியின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை இழுத்தார். விரலெல்லாம் துரு.

அன்று மாலை பட்டறைக்குப் பூட்டுப் போட்டேன். அதுவரை அந்தக் கதவுக்குப் பூட்டே இருந்ததில்லை.

அடுத்த நாள் அவர் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். "என்னை நம்பேல்லையோ?"

"நீங்கள் என்னை நம்பினால்தானே அண்ணை."

அவர் வழக்கம் போலக் கதிரையில் உட்கார்ந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பூட்டைக் கழற்றவில்லை.

எஞ்சினுக்குள் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டிருந்தேன். பத்தாம் நாள் கிக்கர் ஒரு விரல் அளவு அசைந்தது. அன்று அவர் வரும் வரை காத்திருந்து, அவர் முன்னாலேயே சிலிண்டர் தலையைத் தூக்கினேன். பிறகு மரச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டிச் சிலிண்டரை மேலே எடுத்தேன். பிஸ்டனின் தலையில் கரி படிந்திருந்தது. துணியால் துடைத்தேன். அவர் கதிரையை விட்டு எழுந்து என் தோளுக்கு மேலால் குனிந்தார். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டது.

பழைய எஞ்சின் தேய்ந்தால் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போடுவோம். அப்படிப் போட்ட பிஸ்டனின் தலையில் எவ்வளவு பெரியது என்று ஓர் எண் குத்தியிருக்கும். நான் துடைத்து, விளக்கை அருகில் பிடித்துப் பார்த்தேன். எண் இல்லை. சிலிண்டரை அளந்தேன். கொம்பனியிலிருந்து வந்த அளவு அப்படியே இருந்தது. எனக்குத் துள்ளலாம் போலிருந்தது. இவ்வளவு பழைய எஞ்சின் ஒருமுறைகூடக் கடையப்படாமல் கிடைப்பது லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுந்த மாதிரி.

"அண்ணை, இதில ஒருத்தரும் கை வைக்கேல்லை! அப்பிடியே ஜப்பானில இருந்து வந்த பிஸ்டன்!"

அவர் பிஸ்டனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வடிவாப் பார்," என்றார். "ஐம்பது எண்டு இருக்கும்."

"இல்லை அண்ணை."

"இன்னொருக்காத் துடைச்சுப் பார்."

துடைத்தேன். அவரே என் கையிலிருந்து துணியை வாங்கித் துடைத்தார். கரி எல்லாம் போய் அலுமினியம் பளபளத்தது. வெறும் அலுமினியம். அவர் பின்னால் நகர்ந்து கதிரையில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் சொன்னார். அவருடைய வண்டி இதே மாதிரி, இதே வருடத்தில் இறங்கியது. சண்டைக்கு முன் கிளிநொச்சியில் ஒரு பட்டறையில் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டது. ஐம்பது என்று குத்திய புதுப் பிஸ்டனைக் கொண்டு போய்க் கொடுத்தவர் அவர். கூட நின்று பூட்டியவன் மகன். சண்டையின் கடைசி மாதங்களில் அதில் ஓடியதும் மகன்தான். இடம்பெயர்ந்து உடையார்கட்டில் இருந்தபோது ஒரு நாள் அரிசி எடுத்து வரப் போனான். அதன் பிறகு அவனும் வரவில்லை, வண்டியும் வரவில்லை.

"முகாமால விட்டு ஊருக்கு வந்த புதுசில, அங்கால வெளியில குவிச்சுக் கிடந்த, சண்டையில சனம் விட்டிட்டு வந்த வண்டியளை ஆமி பாக்க விட்டவங்கள். ஆயிரக் கணக்கில கிடந்தது. நம்பர்த்தகடுமில்லை, துருப்பிடிச்சு நிறமுமில்லை. நான் இதைக் கண்டன். இதுதான் எண்டு பிடிச்சன். அந்த நேரம் இன்னொருத்தன் வந்து, இது தன்ர எண்டான். பளை ஆள். தேங்காய் ஏத்திறவன் எண்டவன். நான் விடேல்லை. கத்தினன். பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினன். அவன் போயிட்டான்."

"பிறகு?"

"கொண்டு வந்து விட்டன். அண்டையில இருந்து ஒரு நாள் எண்டாலும் இதில ஏறேல்லை. ஏற மனம் வரேல்லை. இது அந்தப் பளை ஆளின்ரதோ எண்டு ஒரு ஐமிச்சம். திறந்து பாத்தால் தெரியும். திறக்கவும் பயம்."

அவர் புரட்டிப் பார்த்த போல்ட்டுகளும் தாங்கிக்குள் துழாவிய விரலும் அப்போதுதான் எனக்கு விளங்கின. மகன் தொட்டதாக ஏதாவது ஒரு அடையாளத்தை அவர் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நானோ அவர் என்னைக் காவல் காக்கிறார் என்று நினைத்து, தேநீரில் சீனியைக் குறைத்தேன்.

அதற்கு மேல் அவருக்கு ஒரே பிடிவாதம். பளைக்காரனைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் பஸ் ஏறிப் போனோம். சந்தியில் தேங்காய் வாங்கி விற்கிற கடையொன்றில் கேட்டோம். பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளில் தேங்காய் ஏற்றின ஒருவர், சண்டைக்கு முந்தி.

கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் ஆர்? எங்க இருந்து வாறியள்?"

சொன்னோம்.

"என்னத்துக்கு இப்ப தேடுறியள்?"

"ஒரு சாமான் குடுக்கோணும்," என்றார் இவர்.

"இத்தனை வரியத்துக்குப் பிறகோ?" கடைக்காரர் தேங்காயை எண்ணுவது போலத் திரும்பிக்கொண்டார். "எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது."

வேறு இரண்டு இடங்களிலும் அதே பதில். ஒரு வீட்டில் எங்களைக் கண்டதும் உள்ளே யாரோ கதவைச் சாத்தினார்கள். இந்தப் பக்கத்தில் பெயர் தெரியாத இருவர் வந்து ஒருவரைப் பற்றி விசாரித்தால் எந்தச் சனம் வாய் திறக்கும்? நானே திறக்க மாட்டேன். கடைக்காரரிடம் என் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

ஐந்தாம் நாள் தெரியாத நம்பரில் அழைப்பு வந்தது. "என்ர மோட்டச் சைக்கிளைப் பற்றி விசாரிச்சது ஆர்?"

பளைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஐம்பது வயது, ஒல்லி, வாசலிலேயே நின்று உள்ளே எத்தனை பேர் என்று பார்த்தார். நான் வண்டியின் மேல் தரப்பாள் போட்டு மூடி வைத்திருந்தேன். கேட்டால் யாரும் தன்னுடையது என்றுதானே சொல்வார்கள்?

"முதல்ல உங்கட வண்டியில என்ன அடையாளம் எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

"நீங்கள் பொலிசோ?"

"இல்லை, மெக்கானிக்."

அவர் தரப்பாளைப் பார்த்தபடி சொன்னார். "கிக்கர் மிதிக்கிற இடத்து றப்பர் இல்லை."

கிக்கர் றப்பர் இருந்தது. நான் கதிரையில் இருந்த வயல்காரரைப் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்தார்.

"வலப்பக்கச் சட்டத்தில ஒரு கொளுக்கி ஒட்டினனான், சாக்குக் கட்ட. அது உடைஞ்சு ஒட்டின குமிழ் மட்டும் இருக்கும். பாருங்கோ."

பார்க்கத் தேவையில்லை. அந்தக் குமிழை நான் இரண்டாம் நாளே தடவிப் பார்த்திருந்தேன். தரப்பாளை இழுத்தேன். பளைக்காரர் கிட்டப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "என்ன கோலம்," என்றார்.

இவர் எழுந்து அவர் முன்னால் போனார். "தம்பி, அண்டைக்கு நான் உம்மைக் கண்டபாட்டுக்குப் பேசிப் போட்டன். கத்தி உம்மைக் கலைச்சுப் போட்டன்."

"கத்தினனீங்களோ?" பளைக்காரர் நெற்றியைச் சுருக்கினார். "எனக்கு அப்பிடி ஞாபகமில்லை. நீங்கள் சீட்டைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அழுதனீங்கள். அதுதான் விட்டிட்டுப் போனனான்."

இவர் அவரையே பார்த்தபடி நின்றார். என் மனைவி தேநீர்த் தட்டோடு வாசல்படியில் நின்றுவிட்டாள்.

"வண்டியின்ர பதிவுப் புத்தகம் அப்ப முகாமில இருந்த மனிசியின்ர பையில கிடந்தது," என்று பளைக்காரர் தொடர்ந்தார். "எடுத்து வந்து காட்டியிருக்கலாம். இந்த மனிசன் அழுற அழுகையில ஒரு இரும்புக்காக ஏன் எண்டு விட்டிட்டன். பிறகு நானும் அந்தக் குவியலில வேறொண்டை என்ர எண்டு சொல்லித்தான் எடுத்தனான். ஆரின்ரயோ தெரியாது. அதிலதான் இப்பவும் ஓடுறன்."

வெளியே நின்ற அவருடைய வண்டியை இவர் போய்ச் சுற்றிப் பார்த்தார். அது வேறு மாதிரி, பிற்காலத்தில் வந்தது. ஆனாலும் குனிந்து எஞ்சினைப் பார்த்தார். பளைக்காரர் எதுவும் கேட்காமல் விட்டார்.

வண்டியைக் கொண்டு போகச் சொன்னோம். வேண்டாம் என்றார். "குடுத்தது குடுத்ததுதான்." பதிவுப் புத்தகத்தைத் தருவீர்களா என்று நான் கேட்டபோதுதான் அவருக்குப் பழைய சந்தேகம் திரும்பியது. தன் பெயரில் உள்ள புத்தகத்தோடு நாங்கள் எங்காவது மாட்டினால் பொலிஸ் தன் வாசலுக்குத்தானே வரும்? கிராம அலுவலரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டு கிழமை கழித்து, பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றிய புத்தகத்தோடு வந்து, என்னிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார்.

இதற்கிடையில் இவர் பட்டறைப் பக்கம் வரவேயில்லை. வெறுமையாகக் கிடந்த கதிரையைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. புத்தகம் வந்த செய்தியைச் சொல்ல அவருடைய வீட்டுக்குப் போனேன். மறுநாள் வந்தார். எந்தக் கோப்பையையும் தொடவில்லை. நான் புத்தகத்தை விரித்து, சட்டத்தில் உள்ள எண்ணைத் துரு சுரண்டி வாசித்தேன். ஒவ்வோர் எழுத்தாகப் பொருந்தி வந்தது. அவர் தலையசைத்தார்.

"நிறம் என்னெண்டு கிடக்கு?" என்று கேட்டார்.

"நீலம்."

"எங்கடது சிவப்பு," என்றார். பிறகு சேர்ட்டின் கையை மடித்துக்கொண்டு, பின் சக்கரத்தைத் தன் பக்கம் இழுத்து, கம்பிகளில் இருந்த துருவைப் பழைய பல் தூரிகையால் தேய்க்கத் தொடங்கினார். "அப்ப நீலமே அடி. அந்தப் பளைத் தம்பியின்ர வண்டி எப்பிடி இருந்ததோ அப்பிடியே இருக்கட்டும்."