பழசெல்லாம் பத்திரமா இருக்கு

கம்ப்யூட்டர் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மனைவியின் சிரிப்பு. அதன்மேல் இன்னொரு சிரிப்பு, ஆண் சிரிப்பு. அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனுக்குப் பால் பொங்கி வழிந்தது; வயிறும் எரிந்தது.

தெருவில் எந்த வீட்டில் விளக்கு எரியாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வீட்டில் ஒன்று கெட்டதற்கு, மனைவி தன் அத்தை மகனைக் கூப்பிட்டிருந்தாள். ஒருகாலத்தில் அவளுக்கென்றே பேசி வைத்திருந்த முறைப்பையன்.

கெடுத்தது அவர்தான். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டு ஓட வைத்தவர், நேற்று பிரவுசர் மக்கர் பண்ணவே அதை நீக்கிவிட்டு வேறு வழியில் புதிதாக ஏற்றினார். எம்ப்ராய்டரி போடும் மனைவி வருஷக்கணக்கில் பிரவுசரில் குறித்துச் சேர்த்த டிசைன் பக்கங்கள் எல்லாம் காணோம். அவள் போனோடு சிங்க் கொடுத்து இணைத்தால் வந்துவிடும் என்று அழுத்தினார். போனில் இருந்ததும் போயிற்று. அவள் அழவில்லை, திட்டவில்லை. போனை எடுத்து, "அத்தான், கொஞ்சம் வர்றீங்களா?" என்றாள்.

அந்த ஒரு 'அத்தான்' முள்ளாய்த் தைத்தது. இத்தனை வருஷத்தில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் 'ஏங்க'தான்.

டம்ளரோடு உள்ளே போனார்.

"டீ எனக்கா அண்ணே?"

"யாருக்கு யாரு அண்ணன்?"

"முறைப்படி நான் உங்களுக்குத் தம்பிதானே."

"அவர்கிட்ட வாய் கொடுக்காதீங்க அத்தான், ஷாக் அடிக்கும்" என்றாள் அவள்.

அவன் மறைந்திருந்த ஃபோல்டர்களைத் திறந்தான். "எதுவும் அழியலை. புது பிரவுசர் தனக்குன்னு புதுசா ஒரு புரொஃபைல் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. பழசெல்லாம் உள்ளேயே பத்திரமா இருக்கு."

பழசெல்லாம் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது. எலக்ட்ரீஷியன் டம்ளரை மேஜையில் ணங்கென்று வைத்தார்.

பழைய புரொஃபைல் திறந்ததும் டிசைன் பக்கங்கள் வரிசையாக வந்து நின்றன. அவள் கண் நிறைந்தது. சேமித்த பாஸ்வேர்டுகளைக் காட்ட மட்டும் அது ஒரு ரகசியச் சொல் கேட்டது.

"அத்தான், அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பினான். எலக்ட்ரீஷியனும் ரோஷத்தோடு திரும்பிக்கொண்டார்.

"ஏங்க, நீங்க எதுக்குத் திரும்புறீங்க? இங்க பாருங்க."

பார்த்தார். திரையில் புள்ளிகள்தான் விழுந்தன; ஆனால் அவள் விரல் போன எழுத்துகள் தெரிந்தன. ஃபியூஸ். அவர் கோபப்படும்போது, தனியாக இருக்கையில் மட்டும், அவள் அவரைக் கூப்பிடும் பெயர்.

வாசலில் முறைப்பையன் செருப்பை மாட்டினான். "போயிட்டு வர்றேன் அண்ணே."

"போயிட்டு..." 'வா'வைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். மனைவி முழங்கையால் இடித்தாள்.

"வா. போன் பண்ணிட்டு வா. எனக்குப் பண்ணு."

அவன் சிரித்துக்கொண்டே படி இறங்கினான். திரும்பிப் பார்ப்பதற்குள் எலக்ட்ரீஷியன் கதவைச் சாத்தித் தாழும் போட்டார்.