வெள்ளை தெரியும் அளவுக்கு

முதலில் இடது காதுமடலில் ஒரு செதில். அரிக்கவில்லை, வலிக்கவில்லை. ஹெல்மெட் உரசியிருக்கும் என்று விட்டுவிட்டேன். கோடை முடிவதற்குள் கன்னத்திலும் வட்டமாகச் சிவந்து, நடுவில் குழி விழுந்தது.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். லாரியில் கிளீனர், ஓட்டலில் சப்ளையர், எதிலும் தரிக்கவில்லை. சின்னாளப்பட்டியில் சேலை எடுத்து, மொபெட்டில் கட்டி, நத்தம் பக்கம் ஊர் ஊராக விற்பது மட்டும் நிலைத்தது.

திண்டுக்கல்லில் தோல் டாக்டரம்மா பயாப்ஸி (தோலில் சிறு துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்தார். டிஸ்காய்டு லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கும் நோய், வெயிலில் கூடும், பிறருக்கு ஒட்டாது) என்றார். மருந்தோடு மினரல் சன்ஸ்கிரீனும் (துத்தநாக ஆக்சைடு கலந்த, வெயிலைத் தடுக்கும் வெள்ளைக் களிம்பு) எழுதிக் கொடுத்தார்.

பூசிக்கொண்டு போன முதல் நாளே ஒரு வீட்டு மருமகள் சிரித்தார். "என்னண்ணே, மாவு மில்லுல இருந்து நேரா வாரீகளா?"

மாமியார் சிரிக்கவில்லை. விரித்த சேலையைத் தொடவும் இல்லை. "மூஞ்சில என்னப்பு அது? பிள்ளைக இருக்கிற வீடு. இன்னொரு நா வா."

மறுநாளிலிருந்து கொஞ்சமாகத் தொட்டு, வெள்ளை மறையும்வரை தேய்த்தேன். வியாபாரம் நடந்தது. சிவந்த திட்டும் பரவியது.

அடுத்த முறை டாக்டர், தன் முன்னாலேயே பூசச் சொன்னார். பூசிக் காட்டினேன்.

"இத்தனூண்டு தொட்டா எப்படித் தடுக்கும்?"

"வெள்ளையாத் தெரிஞ்சா சேலை வாங்க மாட்டேங்கிறாக, மேடம்."

"தழும்பு விழுந்த இடம் பழையபடி ஆகாது. இன்னும் எவ்வளவு இடத்தைத் தழும்புக்கு விடப் போறீங்க?"

கூட வந்த மனைவி சொன்னாள்: "கடையில உக்கார்ற வேலைக்குப் போகச் சொல்லுங்க டாக்டர். வீட்டுலயே செத்த நேரம் இருக்க மாட்டாரு."

"அப்ப காலையில போங்க, சாயங்காலம் போங்க. நடுவுல நிழல்ல இருங்க" என்றார் டாக்டர்.

இந்த நோயோடு வெயிலில் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெள்ளை தெரியும் அளவுக்குப் பூசுங்கள். காதை விடாதீர்கள். வியர்வையைத் துடைத்தால் மறுபடி பூசுங்கள். கேட்பவரிடம் ஒட்டாது என்று சொல்லுங்கள். சிலர் வாங்குவார்கள், சிலர் கதவைச் சாத்துவார்கள். இரண்டுக்கும் இப்போது எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை.

பரவுவது நின்றிருக்கிறது. கன்னத்துக் குழியில் தாடி முளைப்பதில்லை. சவரம் செய்யும்போது பிளேடு அந்த இடத்தில் சத்தமில்லாமல் போகிறது.

உச்சி வெயிலில் நத்தம் சாலைப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்துகிறேன். முன்பு இந்நேரம் மூன்று ஊர் தாண்டியிருப்பேன். நிழல் நகர்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நானும் நகர்கிறேன்.