சாத்திய ஷெட்டில் மூட்டிய கரி

விழுப்புரத்தில் நான் ஃபிட்டராக வேலை பார்த்த பஸ் ஷெட், அதற்கு முன்பு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, அடுக்கும் கிடங்காக இருந்தது. எலி புகக்கூடாது, ஈரம் தட்டக்கூடாது என்று கட்டிய கட்டடம். கனமான சுவர், தகரக் கூரை, முன்னால் ஒரு பெரிய கதவு, பின்னால் ஒரு சின்னக் கதவு. ஜன்னல் என்று ஒன்றுகூடக் கிடையாது. மூட்டை அடுக்க அது நல்ல இடம். பஸ் நிறுத்தவும் பரவாயில்லை. கரி மூட்ட ஆகாத இடம் என்பதை மட்டும் நாங்கள் ஓர் உயிரைக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

கரியில் பஸ் ஓடியது என்று சொன்னால் இப்போது ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஓடியது. அதை ஓட வைத்தவர்களில் ஒருவனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பிளான்ட் வந்தது

யுத்தம் பர்மாவுக்கு வந்ததும் பெட்ரோல் கூப்பனுக்கு வந்தது. கூப்பன் பெட்ரோலை நம்பித் திண்டிவனம் போனால் திரும்பி வர முடியாது. முதலாளி மெட்ராஸ் போய்க் கரி வாயு பிளான்ட் வாங்கி வந்தார். ஆள் உயரத்தில் ஓர் இரும்பு உருளை. பஸ்ஸின் பின்பக்கம் அதைப் பொருத்தினோம். உள்ளே மரக்கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்து, ப்ளோயர் என்கிற காற்றாடியைக் கைப்பிடி பிடித்துச் சுற்றினால் கரி கனன்று வாயு கிளம்பும். நல்ல வாயு வரும் வரைக்கும் அது ஒரு குழாய் வழியாக உருளைக்கு வெளியே, பஸ் நிற்கிற இடத்திலேயே போய்க்கொண்டிருக்கும். குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்டினால் நீலமாக நின்று எரிய வேண்டும். அதன்பிறகுதான் எஞ்சினுக்குத் திருப்புவோம்.

மூட்டுகிற வேலைக்குச் சவரிமுத்து வந்தான். முகையூர்ப் பக்கத்து ஆள். நிலம் கிடையாது. அறுப்புக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவன். அவன் மனைவி ஆரோக்கியம் ஷெட்டுக்கு வெளியே உட்கார்ந்து கரியை எலுமிச்சங்காய் அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்து, சாக்கில் கட்டிக் கொடுப்பாள். இரண்டு பேரும் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும்.

கரி வாயுவில் வண்டிக்கு இழுவை குறைவு. கொஞ்சம் மேடு வந்தாலும் நின்றுவிடும். சவரிமுத்து பின்னால் இருந்து குதித்து வந்து ஜன்னல் ஓரமாக நடந்தபடியே குரல் கொடுப்பான்.

"எறங்குங்க, எறங்குங்க! வண்டிக்கு மூச்சு வாங்குது. பெரியவங்க, புள்ளத்தாச்சிங்க ஒக்காந்துக்கினு இருங்க. மத்தவங்க ஒரு கை குடுங்க."

ஒருமுறை கஞ்சி போட்ட வேட்டிக்காரர் ஒருவர் இறங்க மறுத்தார். "டிக்கெட்டும் வாங்கிக்கினு வண்டியும் தள்ளணுமாடா?"

"தள்ளலன்னா நாமதாங்க திண்டிவனத்துக்கு நடக்கணும். திண்டிவனம் நம்மகிட்ட வராதுங்களே."

பஸ்ஸே சிரித்தது. அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அந்த வண்டிக்கு டிரைவர் கோவிந்தராஜ். காணை ஊர்ப் பக்கம் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம். ஊரில் அவர் வீட்டு வாசலில் சவரிமுத்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாத காலம் அது. ஷெட்டில் இரண்டு பேரும் ஒரே தூக்குச் சட்டியிலிருந்து கேப்பைக் கூழ் ஊற்றிக் குடித்தார்கள். யாராவது பார்த்தால் கோவிந்தராஜ் சட்டியை மறைக்க மாட்டார். பார்ப்பவரைப் பார்த்து, "உனக்கும் வேணுமா?" என்பார்.

தலைவலி

பிளான்ட் வந்த கொஞ்ச நாளில் ஷெட்டில் எல்லாருக்கும் தலைவலி வர ஆரம்பித்தது. காலையில் கரி மூட்டி முடிப்பதற்குள் நெற்றிப் பொட்டில் விண் விண் என்று தெறிக்கும். சில நாள் குமட்டும். கோவிந்தராஜ் ஒரு தடவை ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தபடியே வாந்தி எடுத்தார்.

முதலாளி கெட்டவர் இல்லை. எங்களுக்காக வீட்டிலிருந்து மோர்ப் பானை கொடுத்தனுப்பினார். "கரிச் சூடுப்பா. வயித்துல மோர் இருந்தா ஒண்ணும் பண்ணாது" என்றார். நாங்களும் குடித்தோம். புகை தெரிந்தால் பயப்படலாம், நாற்றம் அடித்தால் மூக்கைப் பொத்தலாம். இந்த வாயுவுக்குத் தனியாக நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எதைப் பார்த்துப் பயப்படுவது?

ஆரோக்கியம் ஒருநாள் என்னிடம் வந்து நின்றாள்.

"மேஸ்திரி, இவருக்கு உள்ள இருந்தா தலை வலிக்குது. வெளிய வந்து ஒக்காந்தா சரியாப் பூடுது. திரும்ப உள்ள போனா திரும்ப வருது. நானும் வெயில்லதான் குந்திக்கினு கெடக்குறேன். எனக்கு வரலியே. இது இன்னா சூடு?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. முதலாளியிடம் பேசினேன். வண்டியை வெளியில் தள்ளி நிறுத்தி முற்றத்தில் மூட்டலாம் என்று ஒப்புக்கொண்டார். அப்படிச் செய்த நாட்களில் யாருக்கும் தலைவலி இல்லை. மோர்ப் பானை அப்படியே திரும்பிப் போயிற்று. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஐப்பசி வந்தது.

மழை

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. முற்றத்தில் முழங்கால் சேறு. நனைந்த கரி பற்றாது. முதல் பஸ் தாமதமாகப் போய், கோர்ட்டுக்குப் போகிறவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் ஸ்டாண்டில் நின்று கத்தினார்கள்.

"மழை வுடற வரைக்கும் உள்ளயே மூட்டுங்க" என்றார் முதலாளி.

"அப்படின்னா ரெண்டு கதவும் தெறந்தே இருக்கணுங்க" என்றேன்.

"தெறந்து வச்சுக்கோ. யார் வேணான்னது?"

திறந்துதான் வைத்தோம். ஒருநாள் விடியும்போது காற்று தெற்கும் கிழக்குமாகச் சுழற்றியடித்தது. சாரல் நேராக ஷெட்டுக்குள் வந்து கரி மூட்டைமேல் விழுந்தது. உள்ளே சவரிமுத்துவும் கோவிந்தராஜும் மட்டும் இருந்தார்கள். கரி நனைந்தால் அன்றைக்கு வண்டி கிடையாது. இரண்டு கதவையும் சாத்தியிருக்கிறார்கள். காற்று தள்ளித் தள்ளித் திறந்ததால் தாழ்ப்பாளும் போட்டிருக்கிறார்கள்.

நான் தலையில் கோணிச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். பெரிய கதவு சாத்தியிருந்தது. நின்று கேட்டேன். மழைச் சத்தம்தான் இருந்தது. ப்ளோயர் சுற்றும் சத்தம் இல்லை. கூப்பிட்டேன், தட்டினேன், பதில் இல்லை. பின்பக்கம் ஓடிச் சின்னக் கதவை உதைத்தேன். மூன்றாவது உதையில் கீல் பிய்ந்தது.

உள்ளே புகை இல்லை. இதமான சூடு இருந்தது, அவ்வளவுதான். சவரிமுத்து ப்ளோயர் பக்கத்தில் உருளையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கை இன்னும் கைப்பிடிமேல் இருந்தது. அசதியில் கண்ணயர்ந்தவன் போலத் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கோவிந்தராஜ் பெரிய கதவடியில் குப்புறக் கிடந்தார். தாழ்ப்பாளை எடுக்க வந்து விழுந்திருக்க வேண்டும். அவர் முகம் கதவுக்கும் தரைக்கும் நடுவே பஸ் ஏறி இறங்கித் தேய்ந்த சந்தை ஒட்டி இருந்தது. அந்தச் சந்து வழியாக வந்த காற்றுதான் அவரைக் காப்பாற்றியது.

மூச்சை அடக்கிக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். வெளியே பார்த்துக் கத்தினேன். எதிர்ப்பக்கத்துச் சோடாக் கடைக்காரர் ஓடி வந்தார். இரண்டு பேருமாக இருவரையும் மழையில் இழுத்துப் போட்டோம்.

ஆரோக்கியம் அப்போதுதான் கூடையோடு வந்தாள். "வழுக்கி வுழுந்துட்டாரா?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரி

வாடகை மாட்டுவண்டி ஒன்றைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். கோவிந்தராஜுக்கு மூச்சு ஓடியது. அவரை உள்ளே எடுத்துப் போனார்கள். சவரிமுத்துவைத் தொட்டுப் பார்த்த டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

ஆரோக்கியம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. தன் முந்தானையால் அவன் முகத்துக் கரியைத் துடைத்தாள்.

"டாக்டரு, நல்லாப் பாருங்க. உதடு எப்படிச் செவந்துகினு இருக்குது! நகத்தப் பாருங்க. செத்தவங்க உதடு இப்டியா இருக்கும்? எங்கப்பா செத்தப்போ பார்த்தேன், கருத்துக்கினு இருந்திச்சி. இவுருக்கு உசுரு இருக்குதுங்க. ஊசி போடுங்க."

அவள் சொன்னது கண்ணுக்கு உண்மைதான். வெற்றிலை போட்டவன் உதடு போல அப்படிச் சிவந்திருந்தது. உயிரோடு இருந்தபோது அவனை நான் அவ்வளவு தெளிச்சியாகப் பார்த்ததில்லை. எனக்கே ஒரு கணம் நம்பிக்கை வந்துவிட்டது.

டாக்டர் அவசரப்படவில்லை. அவள் பக்கத்தில் குனிந்து பேசினார். "இந்தச் செவப்புதாம்மா அந்த விஷத்தோட அடையாளம். அந்த வாயு ரத்தத்துல கலந்தா நல்ல காத்து சேர எடம் இல்லாம பண்ணிடும். ரத்தம் மட்டும் செவப்பாவே இருக்கும். தூக்கம் வர்ற மாதிரி இருந்திருக்கும், அவ்வளவுதான். வலிச்சிருக்காது."

அவள் டாக்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் உதட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஊசி போடுங்க" என்றாள் மறுபடியும், சத்தமே இல்லாமல்.

மறுநாள் முகையூர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். முதலாளி குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றார். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இறைத்து இறைத்துத்தான் இறக்கினார்கள்.

கரிச் சாக்கு

காரியங்கள் முடிந்ததும் ஆரோக்கியம் வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வேறு வழி இல்லை. பழைய இடத்தில் உட்கார்ந்து கரி உடைத்தாள்.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மூட்டுவதற்குப் புது ஆள் வந்திருந்தான். பெயர் ஏழுமலை. முற்றத்தில்தான் மூட்டினோம். தாமதம் ஆகிக்கொண்டே இருந்தது. ஒருநாள் முதலாளி பொறுமை இழந்துவிட்டார்.

"ஸ்டாண்டுல ஜனங்க என்னைத் திட்டறது உங்களுக்குக் கேக்கல. இன்னிக்கு உள்ள வச்சி ஜல்தியா மூட்டுங்க. கதவுக்கு ஓர் ஆளை நிறுத்திக்குங்க. ஏழுமலை, கரி எடு."

ஏழுமலை சாக்குக்குக் கை நீட்டினான். ஆரோக்கியம் எழுந்து அந்தச் சாக்கின்மேல் உட்கார்ந்தாள்.

"உள்ள மூட்டறதுக்கு கரி தரமாட்டேங்க."

முதலாளிக்கு முகம் கறுத்தது. "இன்னா பேசற நீ? கரி உன்னுதா?"

"உங்க கரிதாங்க. உள்ள போவாது."

"வேலைய வுட்டு நிறுத்திடுவேன்."

"நிறுத்துங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. ஏழுமல ஊட்லயும் ஒருத்தி இருக்கறா. அவகிட்ட போய், உம் புருசனை உள்ள வச்சி மூட்டச் சொல்லப் போறேன்னு சொல்லிட்டு வாங்க. அவ சரின்னா நான் எழுந்துக்கறேன்."

ஏழுமலை நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். கிளீனர்கள் இரண்டு பேர் வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். நானும் போய் நின்றேன். முதலாளி அவளைப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, "தள்ளுங்கடா வெளிய" என்றார்.

அன்று பஸ் மிகவும் தாமதமாகத்தான் போனது. அந்த வாரமே முற்றத்தில் நான்கு தூண் நட்டுத் தகரம் போட்டோம். சுவர் மட்டும் எந்தப் பக்கமும் வைக்கவில்லை. அதன்பின் அங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கோவிந்தராஜ்

அடுத்த வருஷம் என்னைத் திண்டிவனம் ஷெட்டுக்குப் பொறுப்பாக அனுப்பினார்கள். அங்கேயும் முதல் வேலையாகத் தூண் நட்டேன். கூரைக்குக் கீழே நான்கு பக்கமும் காற்று ஓடாத இடத்தில் யார் நெருப்பைக் கொண்டு வந்தாலும் திருப்பி அனுப்பினேன். யாராவது தலைவலி என்று சொன்னால் மோர் கொடுக்கவில்லை. வேலையை நிறுத்திவிட்டு, எந்த இடத்தில் வலிக்கிறது, எந்த இடத்தில் விடுகிறது என்று கேட்டேன். இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது அதுதான். ஆபத்து எப்போதும் புகையோடும் சத்தத்தோடும் வராது. உங்களோடு வேலை செய்கிறவர் உடம்புக்கு என்னவோ செய்கிறது என்றால் அவர் உடம்பை நம்புங்கள். மழையும் நேரமும் உங்களை அவசரப்படுத்தும். கதவைச் சாத்த வைப்பது பெரும்பாலும் அந்த அவசரம்தான்.

கோவிந்தராஜ் பிழைத்தார் என்று சொன்னேன். உடம்புதான் பிழைத்தது. வாயு அவர் ஞாபகத்தைத் தின்றுவிட்டது. பழையது எல்லாம் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன் சொன்னது நிற்காது. வண்டி ஓட்ட முடியவில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தவித்ததால் அவர் தம்பி எப்போதாவது அழைத்து வந்து விழுப்புரம் ஷெட்டில் உட்கார வைப்பார். வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, "சவரி எங்க?"

ஆரம்பத்தில் நாங்கள் உள்ளதைச் சொன்னோம். சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் அப்போதுதான் கேள்விப்பட்டவர் போலத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சற்று நேரத்தில் அழுகை ஓயும். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்ப்பார். "சவரி எங்க?" என்பார்.

யுத்தம் முடியும் சமயம், ஸ்பேர் பார்ட்ஸ் எடுக்க விழுப்புரம் போயிருந்தேன். கோவிந்தராஜ் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆரோக்கியம் கரி உடைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஆரோக்கியம், சவரி எங்க? காணமே?"

அவள் கையை நிறுத்தவில்லை.

"கரி மூட்டிக்கினு இருக்காருண்ணே."

"உள்ளயா?"

"இல்லண்ணே. வெளிய."

"வெளியன்னா சரி" என்றார் கோவிந்தராஜ். சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.