மொட்டை மாடிப் பொட்டியும் சாயங்கால நெட்டும்

நெட் கனெக்‌ஷன் கொடுக்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தால், ஒயரில் என்ன கோளாறு என்று பார்ப்பதற்கு முன்னால் யார் யாரைச் சந்தேகப்படுகிறார்கள் என்று கேட்டு முடிக்கவே பாதி நாள் போய்விடும்.

வட்டம் சுத்திக்கிட்டே நிற்கிற திரையை முறைத்துப் பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தக் கோபத்தில் போன் போட்டு நீங்கள் திட்டின ஆள் நான்தான்.

மஞ்சக்குப்பத்தில் ராஜவேல் அண்ணன் கடை. தெருவுக்கு ஒரு வீட்டு மொட்டை மாடியில் இரும்புப் பொட்டி வைத்திருப்பார், ஏணி போட்டுத்தான் ஏறணும். கடையிலிருந்து வரும் ஒயர் அதில் இறங்கி, அங்கிருந்து வீட்டுக்கு வீடு பிரியும். வெளி வேலை சார்லஸ் பார்ப்பான், வீட்டுக்குள் வேலை எனக்கு. பெண்கள் தனியாக இருக்கிற நேரத்தில் ஆம்பளை ஆள் உள்ளே நுழைந்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துகொள்ளும். அதனால் என் பொண்ணை பால்வாடியில் விட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரோடு நான் போவேன், சார்லஸ் வாசலோடு நிற்பான்.

அந்த ஐப்பசியில் ஒரே தெருவிலிருந்து புகார் மேல் புகார். பகலில் ஒரு மாதிரி ஓடுகிற நெட், சாயங்காலமானால் ஊர்கிறது. சார்லஸ் பொட்டியிலிருந்து யாருக்கோ திருட்டு லைன் இழுத்துவிட்டான் என்று அண்ணன் முடிவு கட்டினார். பொட்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். மாசக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். சார்லசுக்கு அப்போதுதான் நிச்சயம் முடிந்திருந்தது. "வேலை போனா வேற தேடிக்குவேன்க்கா. திருட்டுப் பேரோட போனா பொண்ணு வீட்டுல இன்னான்னு சொல்றது?" என்றான். எனக்கும் அவன்மேல் கால்வாசி சந்தேகம்தான். முக்கால்வாசியை நம்பி வீடு வீடாக இறங்கினேன்.

கொடியில் காய்ந்த நெட்

முதல் வீடு சரோஜாம்மா வீடு. வாசலிலேயே என் காதோடு சொன்னார்: "எதுத்த வீட்டுல புதுசா கம்ப்யூட்டர் வாங்கியிருக்காங்க. அன்னியிலேர்ந்து நம்ம வேகத்தை அவுங்கதான் உறிஞ்சறாங்க." கம்ப்யூட்டருக்கு வந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே மாடிக்குப் போனேன். இரண்டு பைப்புக்கு நடுவில் எங்கள் ஒயர் விறைப்பாகக் கட்டியிருந்தது. அதில் நனைந்த பெட்ஷீட் ஒன்று, புடவை இரண்டு, ஒரு மிதியடி.

ஒயர் உள்ளுக்குள் இழுபட்டு நைந்து போயிருந்தது. அந்தத் துண்டை வெட்டிப் புது ஒயர் போட்டேன். இதில் துணி போடக் கூடாதும்மா என்று பக்குவமாகத்தான் சொன்னேன். சரோஜாம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, நெட்டு உள்ளாற போவுது, துணி வெளியிலதான காயுது?"

துபாயில் நின்ற முகம்

பரிமளத்தின் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே படம் நின்றுவிடும். "நான் வேணும்னே நிறுத்திட்டு எங்கியோ போறேன்னு நெனைக்கிறாருக்கா. போன மாசமெல்லாம் இப்படிக் கேக்கவே மாட்டாரு" என்று கண் கலங்கினாள்.

தேடிப் பார்த்தால் பீரோவின் கால் ஒயர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நானும் அவளும் பீரோவை நகர்த்தி ஒயரை மாற்றினோம். மத்தியானம் படம் பளிச்சென்று ஓடியது. கண்டுபிடித்துவிட்டோம் என்று சார்லசிடம் பெருமையடித்துக்கொண்டு வந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளிடமிருந்து போன்.

"அக்கா, அவரு மூஞ்சி மறுபடியும் நின்னுடுச்சு. இந்தத் தடவை முறைச்சாப்புலயே நின்னுடுச்சு."

சிதம்பரத்து மூணு காவல்

சார்லசை அந்தத் தெருப் பக்கமே விடக்கூடாது என்று அண்ணன் அவனைச் சிதம்பரம் கிளைக்கு அனுப்பிவிட்டார். ஒரு நாள் மோடம் கொண்டு கொடுக்க நானும் பஸ் ஏறினேன். அங்கே மேல வீதிப் பக்கம் ஒரு ரிட்டயர்டு சார், நெட் ரொம்ப மெதுவு என்று கூப்பிட்டிருந்தார். எங்கள் இரண்டு பேர் பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் விசாரித்த பிறகுதான் கதவுச் சங்கிலியை எடுத்தார். கம்ப்யூட்டரைத் திறந்தால், வைரஸ் வராமல் தடுக்கிற சாஃப்ட்வேர் மூணு. ஒண்ணை ஒண்ணு சந்தேகப்பட்டு மூணும் ஓயாமல் சோதனை போட்டுக்கொண்டிருந்தன. இரண்டை எடுத்துவிடலாம் சார் என்றான் சார்லஸ். அந்த சார் நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மெதுவா போனா போவட்டும் தம்பி, நீ எதையும் எடுக்க வேணாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒன்று உறைத்தது. சார்லஸ் சிதம்பரத்தில் இருக்கிறான், மஞ்சக்குப்பத்தில் நெட் இன்னும் ஊர்கிறது. அவன்மேல் மிச்சமிருந்த கால்வாசிச் சந்தேகமும் அன்றைக்குப் போய்விட்டது. அண்ணனிடம் சொன்னேன். அவர் அசரவில்லை.

"அங்கேர்ந்தே போன்ல சொல்லி இங்க எவனையோ வச்சுப் பண்றான் மலரு, உனக்குத் தெரியாது."

பொட்டி

வீட்டுக்கு வீடு ஒரு காரணம் கிடைத்தது, சரிதான். ஆனால் அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் ஊர்ந்தால், எல்லாருக்கும் பொதுவான இடத்தில்தானே பார்க்கணும்? அந்தப் பொட்டியைத் திறங்கண்ணே என்றேன். பூட்டுக்குள்ள யார் போக முடியும் என்று முறைத்தார். திருட்டு லைன் இருந்தால் கையும் களவுமாப் பிடிச்சிடலாமே என்று சொன்ன பிறகுதான் சாவியை எடுத்தார்.

பொட்டிக்குள், வருகிற நெட்டை வீட்டுக்கு வீடு பிரித்துவிடுகிற ஸ்விட்ச் ஒன்று, ஒயர் சொருக வரிசையாகத் துளைகளோடு. திருட்டு லைன் எதுவும் இல்லை. ஒவ்வொரு துளைக்கு மேலேயும் வரிசையாகச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து வெடித்திருந்தது. ஆயுத பூஜையன்றைக்கு அண்ணன் தன் கையால் வைத்தது. நான் அன்றைக்குக் குமராட்சியில் அம்மா வீட்டில் இருந்தேன். சார்லஸ் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தானாம். கடையிலிருந்து வந்த ஒயருக்குப் பச்சை விளக்கு எரியாமல் ஆரஞ்சு எரிந்தது, வேகம் குறைந்தால் அப்படித்தான் எரியும். பகலில் அந்த வேகம் ஒரு மாதிரி போதும், சாயங்காலம் தெருவே சேர்ந்து உட்கார்ந்தால் போதாது. உருவிப் பார்த்தேன். துளைக்குள் சந்தனம் இறங்கி, கம்பிகளில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. முனையை வெட்டிப் புதுசு போட்டுக் காலியாக இருந்த வேறு துளையில் சொருகினேன். பச்சை வந்தது. அண்ணன் சார்லசுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"தம்பி, நாளைக்கு இங்க வந்துடு. சாவி ஆணியில மாட்டியிருக்கும், நீயே எடுத்துப் பொட்டியைச் சுத்தம் பண்ணிடு."

ஸ்பீக்கரில் சார்லஸ் குரல் கேட்டது.

"பண்றேண்ணே. ஆனா நான் திறக்கும்போது நீங்க பக்கத்துல நிக்கணும்."

சாயங்காலமே அந்தத் தெருவில் நெட் ஓட ஆரம்பித்துவிட்டது, ஆனால் நான் அந்தக் கடையை விடுகிற வரைக்கும் சார்லஸ் பொட்டியைத் திறக்கும்போதெல்லாம் முட்டிவலியோடு அண்ணனும் ஏணி ஏறிக்கொண்டுதான் இருந்தார்.