இரண்டு பேருக்கான எஞ்சின்

எம்மன்புரூக்கே ஊரில் எங்கள் வீட்டுக் குசினியில், அந்தோனியார் படம் மாட்டியிருக்கும் ஆணியிலேயே ஒரு கேஸ்கெட்டும் தொங்குகிறது. எஞ்சினின் இரண்டு பாகங்களுக்கு நடுவே வைத்து இறுக்கும் கனத்த தாள் அது. அதன் ஓட்டைகளைச் சுற்றி நீலப் பேனாவால் கோடு இழுத்திருக்கிறது. இழுத்தவர் என் வீட்டுக்காரர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, ஆகவே இவர் என்றே எழுதுகிறேன். "நாங்கள் மலை தாண்டுமட்டும் இது அந்தோனியாற்ற பொறுப்பு" என்று சொல்லி அதை அங்கே மாட்டியவரும் இவர்தான்.

இவர் இந்த நாட்டுக்கு வந்தது ஒரு லொறிக்குள், பெட்டிகளுக்கு நடுவே படுத்தபடி. இத்தாலியில் ஏறி, கொத்தார்ட் மலையைச் சுரங்கப் பாதையால் கடந்திருக்கிறார். கண்ணில் பட்டது தார்ப்பாய் மட்டும்தான். "மலைக்குக் கீழால ஒளிச்சு வந்தனான். ஒருக்கா மேலால போகவேணும், உம்மைப் பக்கத்தில இருத்தி, நானே ஓடி" என்று கலியாணமான புதிதிலேயே சொன்னார். பஸ்ஸில் போகலாமே என்றால் முகம் சுருங்கிவிடும். உலோக ஆலையில் இருபது வருடம் உழைத்த பிறகு வாங்கினாரே ஒரு கார்! என்னைவிட வயது கூடிய இங்கிலிஷ் கார். எஞ்சினின் அடிப்பாகம் ஒரு காருடையது, தலைப்பாகம் வேறொரு பெரிய காருடையது. முந்தின சொந்தக்காரர் எவரோ இரண்டையும் சேர்த்துவைத்திருந்தார். பொருத்தம் பார்க்காமல் செய்த கலியாணம் என்று நான் சிரித்தேன். "எங்கட மாதிரி" என்றார் இவர்.

முதல் முறை போன அன்று நான் ஒரு பெரிய பானை நிறையப் புட்டும், இன்னொன்றில் ஆட்டிறைச்சிக் கறியும், கான் தண்ணீரும், இரண்டு மடக்குக் கதிரைகளும் ஏற்றினேன். "இஞ்சேரும், எஞ்சின் முக்கும். பானையை இறக்கும்" என்றார். மலையில் பசித்தால் எஞ்சினையா தின்பது என்று கேட்டுவிட்டு நான் ஏறி இருந்தேன். ஹொஸ்பென்டால் ஊரைத் தாண்டி மூன்றாவது வளைவில் கார் முனகி, ஆவி விட்டு, நின்றுவிட்டது. பாதையோரத்தில் கதிரை விரித்துச் சாப்பிட்டோம். சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டி மேலே மிதித்துப் போனார், கையும் காட்டினார். நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. புட்டுக் கையோடு, அந்தப் பாதை மேலே வளைந்து மறையும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய எஞ்சினாக மாற்றலாமே என்று கேட்டேன். மாற்றினால் காருக்குப் புதிதாகக் காகிதம் எடுக்க வேண்டும். வதிவிட அனுமதிக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர் இவர். "காகிதம் கேக்காத வேலை மட்டும் செய்வம்" என்றார். எஞ்சினின் தலைப்பாகத்தில் ஓட்டைகள் பெரிது, காற்றையும் பெற்றோலையும் கொண்டுவரும் குழாயில் ஓட்டைகள் சிறிது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு படி. எஞ்சினுக்கு மூச்சு முட்டுவது அங்கேதான். கேஸ்கெட்டை வைத்து அளவெடுத்து, அந்தக் குழாயின் வாயை அரத்தால் ராவத் தொடங்கினார். மெஷின் போட்டால் மாடியில் உள்ளவர்கள் முறைப்பாடு செய்வார்கள். ஆகவே கையால், என் குசினி மேசையில், ஒரு முழுக் குளிர்காலம். இடியப்பத் தட்டில் அலுமினியத் தூள் கிடந்தது கண்டு நான் ஏசாத ஏச்சில்லை. இவர் பாட்டுக்கு ராவிக்கொண்டிருப்பார். கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவிப் பூட்டினார். "மூண்டு குதிரைவலு கூடும். ஒரு குதிரை எனக்கு, ஒண்டு உமக்கு, ஒண்டு உம்மட பானைக்கு."

பங்குனியில் எல்லாம் பூட்டி முடிந்தது. மலைப்பாதை இன்னும் பனியில் மூடிக் கிடந்தது. தினமும் காலையில் பாதை திறந்துவிட்டதா என்று போனில் பார்த்து, "இண்டைக்கும் பூட்டு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார். சித்திரையில் ஒரு நாள், வேலையால் வந்து சோபாவில் சாய்ந்தவர் எழும்பவில்லை. பாதை திறக்க இன்னும் ஆறு கிழமை இருந்தது. அந்தப் பனியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்று வருடம் கார் உறைக்குள் கிடந்தது. முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை எனக்கு, அதற்கு ஒரு சின்னக் கார் இருக்கிறது, அது போதும் என்றிருந்தேன். போன ஆவணியில் மனம் கேட்கவில்லை. மெக்கானிக் ஒருவரிடம் காட்டி ஓடவைத்தேன். பானைகளையும் ஏற்றினேன். புட்டை இரண்டு பேருக்கு அவித்திருக்கிறேன் என்பதை மூடும்போதுதான் கண்டேன். ஹொஸ்பென்டால் தாண்டி முதல் வளைவு, இரண்டாவது. மூன்றாவதில் கார் நிற்கும் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், நின்றுவிடு என்று கெஞ்சினேன். நின்றால் அதே இடத்தில் கதிரையை விரித்திருப்பேன், இரண்டையும். கார் ஒரு முனகல்கூட இல்லாமல் வளைவைக் கடந்து ஏறியது. ஒரு குதிரைக்கு அன்று இழுக்க ஆள் இருக்கவில்லை. மேலே போய், இத்தாலிப் பக்கம் இறங்கும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பானையைத் திறக்காமலே திரும்பி வந்தேன்.

கார் மலை உச்சிக்கு ஏறிவிட்டது, அந்தோனியாரின் பொறுப்பு முடிந்தது. ஆனாலும் கேஸ்கெட்டை ஆணியிலிருந்து எடுக்க எனக்கு மனமில்லை. குசினியில் நிற்கும்போது அந்த நீலக் கோட்டைப் பார்ப்பேன். எவ்வளவு நேர்த்தியாக இழுத்திருக்கிறார், கோடு பிசகாமல் எப்படி ராவியிருக்கிறார் மனுசன். கொஞ்சம் குறைவாக ராவியிருக்கலாம்.