முதல் பறிப்பு

சுனாமிக்கு மறு வருடம் எனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு வயலைக் குத்தகைக்கு எடுத்து, பல ரக மிளகாய்களை நட்டு, எது எப்படி வளர்கிறது என்று பார்த்தார்கள். அளப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு பாத்தியிலும் சிவப்பு நூல் கட்டிய சில செடிகள் இருக்கும். அவற்றின் உயரம், தண்டின் பருமன், கிளைகள், காய்த்த பிறகு காயின் நீளம், எடை.

நிலத்துக்காரருக்கு முதல் நாளே என்னைப் பிடிக்கவில்லை. நெல் விளைந்த மண்ணில் மிளகாய் நட்டது ஒரு எரிச்சல். அதை அளக்கக் கடற்கரையிலிருந்து ஒருத்தி வந்தது அதைவிடப் பெரிய எரிச்சல்.

“ஏட்டி, மீன் நாத்தக் கையால செடியத் தொடாத. பூ உதுந்திரும்” என்றார்.

நான் அளவுகோலை மண்ணில் ஊன்றினேன். அதன் பிறகு அவர் வரும்போதெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் வேலை செய்தேன். அவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்டதில்லை.

அளந்து முடித்த காயெல்லாம் அவருக்கு என்பது ஏற்பாடு. பழுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நூல் கட்டிய செடிகளின் காயையும் உடனே பறிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

“திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க அண்ணாச்சி. தராசு வந்திரும்.”

திங்கட்கிழமை போனபோது அந்தச் செடிகள் எல்லாம் மொட்டையாக நின்றன. அவர் வரப்பில் கட்டிய சாக்கோடு உட்கார்ந்திருந்தார்.

“யாரு பறிச்சது?”

“நாந்தான். எனக்க நிலம். அழுகிப் போனா ஒனக்க சாரா வந்து தருவாரு?”

சாக்கின் கட்டை அவிழ்த்து வரப்பில் கொட்டினேன். நீளம், குட்டை, சுருக்கம் விழுந்தது எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எது எந்தச் செடியின் காய் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் மண்வெட்டியை ஓங்கினார்.

“அடியும், பாப்பம்” என்றேன். இடத்தை விட்டு நகரவில்லை.

அவர் மனைவி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். என்னைப் பார்த்து, “சவமே, எறங்கிப் போ” என்று கத்தினார்.

மத்தியானம் எங்கள் அதிகாரி வந்தார். நிலத்துக்காரர் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“பக்கத்துச் செடியப் பாத்து உத்தேசமா ஒரு அளவு போட்டிரும்மா. இதுக்குப் போயி சண்டையா?”

“அளக்காத காய்க்கு நான் அளவு போடமாட்டேன் சார்.”

“அப்ப வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்.”

“பாருங்க.”

என் கண் முன்னாலேயே அவர் நின்ற வாக்கில் எண்களை எழுதினார். இலை சுருண்டு குறுகிப்போன ஒரு ரகத்துக்கும் நல்ல நீளம் கிடைத்தது. அந்தப் பருவத்தோடு என்னை நிறுத்தினார்கள். சோதனையில் சுருண்ட அந்த ரகமே முதலிடம் பெற்றதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சில வருடங்கள் கழித்து வடசேரி சந்தையில் நிலத்துக்காரரைப் பார்த்தேன். வாழைக்குலைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

“என்னட்டி, இப்பவும் அளக்கியா?” என்று சிரித்தார்.

நான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். எதிர்க்கடையில் குலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.